ஸ்பீக்கருக்கு ஷூ சொல்யூஷன்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய ஸ்பீக்கர் ஜோடியில் ஒன்று கரகரத்தது. உள்ளே கூம்பைச் சுற்றியிருக்கிற ஸ்பாஞ்சு வளையம் கிழிந்திருந்தது. "வாரண்டி முடிஞ்சிடுச்சுக்கா, பேசாம புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

தோலையே பிடிக்கிற ஷூ பசை, அந்த சொல்யூஷன், இதைப் பிடிக்காதா என்று கம்பெனியிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து ஒட்டினேன். வளையம் கண்ணெதிரே குழைந்தது. சொல்யூஷன் உள்ளே வழிந்து இறுகிவிட்டது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "வளையத்த மட்டும் மாத்தியிருக்கலாம்க்கா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

வீட்டுக்காரர் திட்டவில்லை. "இன்னா பண்றது" என்று சொல்லி, நாற்காலியை நல்ல ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் எதை ஒட்டினாலும் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகுதான் ஒட்டுகிறேன். நாற்காலி இன்னும் அந்தப் பக்கம்தான் கிடக்கிறது.