தூங்குகிறார் என்று நினைத்தேன்

நாங்கள் பொன்மலைவாசிகள். சோழர் தலைநகரங்களைச் சுற்றிக்காட்டும் ஒருநாள் டூருக்குக் கிளம்பிய காலையில், என் கணவர் வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். ஆனால் சாப்பிடவில்லை. "சாமி கும்பிட்டுட்டு சாப்பிட்டுக்கலாம்" என்றார். கோயிலுக்குப் போகும் நாளில் எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

வழியில் பஸ் பஞ்சர். கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கைடு கோயிலுக்குப் போகாமல், முதலில் மாளிகைமேட்டுக்கு அழைத்துப்போனார். அரண்மனை இருந்த இடத்தில் செங்கல் அடித்தளம் மட்டும் மிச்சமிருக்கிறது. அவர் விளக்கிக்கொண்டிருக்க, என் கணவர் மரநிழலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"யாராவது பேச ஆரம்பிச்சா இவருக்குத் தூக்கம் வந்துரும்" என்று எங்களோடு டூர் வந்திருந்த பாலக்கரை நூர்ஜஹான் அக்காவிடம் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "தூங்குறவருக்கு இப்படியா வேர்க்கும்? சட்டையப் பாருங்கம்மா."

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உலுக்கினேன். தலை என் தோளில் சரிந்தது.

சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று ஆம்புலன்ஸிலேயே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர், "நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டார். சாயங்காலம் வரை அதையேதான் கேட்டார்.

இப்போதெல்லாம் ஊசி போட்டால் உடனே இட்லி, சாமி அப்புறம்தான். மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் எழுப்பிப் பார்க்கிறேன். "ஏன்டி எழுப்புற?" என்று எரிந்து விழுவார். அதைக் கேட்டபிறகுதான் அடுப்படிக்குப் போகிறேன்.