'இவருக்கு' என்றொரு ஃபோல்டர்

போனுக்குள் பனி புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பச்சை இலையை வாட்டுபவன் நான். எது மக்கர் செய்தாலும் எனக்கு ஈரம்தான் குற்றவாளி.

போன் என் மனைவியுடையது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்த நாட்களில், முகப்புத் திரையில் எனக்காக ஒரு ஃபோல்டர் செய்து 'இவருக்கு' என்று பேர் வைத்தாள். ஒன்பது கட்டங்கள். முதலில் கேஸ் பதிவு, அடுத்து கரண்ட் பில், அப்புறம் மகளோடு வீடியோவில் பேசுவது. கடைசிக் கட்டத்தில் குரல் பதிவு. அதில் அவள் பேசி வைத்தவை பதினொன்று. "ஏனுங்க, மப்ளரு பீரோல ரெண்டாவது தட்டுல இருக்குது. தேடறேன்னு ஊட்டையே கவுத்துப் போட்றாதீங்க."

அவள் போன பிறகு, தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதில் ஒரு பதிவைப் போட்டுக் கேட்பேன். ஆடி மாதத்தில் ஒரு காலை ஃபோல்டர் திறக்கவில்லை. போனில் பேச முடிந்தது, மணி காட்டியது. அந்த ஒரு சதுரம் மட்டும் விரல் பட்டதும் லேசாகப் புடைத்துவிட்டுச் சும்மா இருந்தது. என்னைத் திட்டுவதற்கு முன் அவள் மூக்கு இப்படித்தான் புடைக்கும்.

ஃபேக்டரிக்குப் போனதும் இலை வாட்டும் தொட்டியில், வெதுவெதுப்பான காற்று வரும் வலைமேல் போனை வைத்தேன். கூட வேலை செய்பவன் பார்த்துவிட்டான்.

"ஏனுங்கண்ணா, போனு நல்லா வாடிருச்சுங்களே! ரோலருக்கு அனுப்பி நசுக்கிரலாமுங்களா?"

சுற்றி நின்ற எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் காற்றுக் காட்டினேன். அவன் அதைக் கவனித்தான் போல.

"அண்ணி குரலு அதுலதானுங்களே இருக்குது?"

"ஆமாப்பா."

அதன்பிறகு அவன் கிண்டல் செய்யவில்லை. பேசாமல் கிண்டல் செய்திருக்கலாம்.

டீ நேரத்தில் நானே செட்டிங்ஸைக் குடைந்தேன். முகப்பைக் காட்டுகிற ஆப்புக்குப் பேர் லாஞ்சராம். அதன் கீழே இரண்டு பட்டன்கள்: 'கேச்சை அழி', 'டேட்டாவை அழி'. ரோலரில் இலை சிக்கினால் நாங்கள் எல்லாவற்றையும் வழித்துக் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவோம். எனவே பெரிய கழுவலாகப் பார்த்து இரண்டாவதை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. யாரைப் பார்த்து என்ன கேள்வி!

பர்லியாரில் நாங்கள் சேர்ந்து எடுத்த படம் பின்னால் அப்படியே இருந்தது. அதன்மேல், கடையில் வாங்கிய அன்று இருந்த நாலைந்து சின்னங்கள். ஃபோல்டர் இல்லை.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சாம்பார் வாளியைப் போலப் போனை வழிநெடுகச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன், உள்ளே இருக்கும் குரல் சிந்திவிடும் என்பதைப் போல.

குன்னூரில் போன் கடைப் பெண் திரையை மேலே தள்ளினாள். ஆப்புகள் வரிசையாக வந்தன.

"இங்க பாருங்கண்ணா, எல்லாமே இருக்குதுங்க. ஃபோல்டருக்குள்ள எதுவுமே கெடயாதுங்க. சும்மா வழிகாட்டறதுதான்."

குரல் பதிவைத் திறந்தாள். பதினொன்றும் இருந்தன. மப்ளர் பற்றிய பேச்சு கடை முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் திரும்பி நின்று கவர்களை அடுக்கத் தொடங்கினாள். ஆடி மாதக் குன்னூரில் எனக்கு வேர்த்தது என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

"அந்த ஃபோல்டர மறுபடி கொண்டு வர முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

"அது அழிஞ்சிருச்சுங்கண்ணா. அதே மாதிரி புதுசா செஞ்சு தரட்டுங்களா? என்னென்ன எந்த வரிசையில இருந்துச்சு, சொல்லுங்க."

முதல் மூன்றைச் சொன்னேன். கடைசியைச் சொன்னேன். நடுவே இருந்த ஐந்தை நான் ஒருநாளும் தொட்டதில்லை. எனக்கு வேண்டியிருக்கும் என்று அவள் எவற்றைத் தேர்ந்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

லாஞ்சர் கொஞ்சம் உறைந்து போயிருந்தது, அவ்வளவுதான் என்றாள் அந்தப் பெண். போனை ஒரு தடவை அணைத்துப் போட்டிருந்தால் ஃபோல்டர் திறந்திருக்கும்.