கரண்டி யார் கையில்

எங்கே பானை கொதித்தாலும் மூடியைத் தூக்கிப் பார்க்காமல் சந்திரகலாவுக்குக் கால் நகராது. கையில் விளக்குமாறு இருக்கும், கண் அடுப்பில் இருக்கும். நெல்லித்தோப்புச் சந்து ஒன்றில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சமையலறை. தொடங்கிவைத்தவள் அவள்தான்.

பகலெல்லாம் தையல் மிஷின் மிதிக்கிறவள். சாயங்காலம் வீடு வீடாக நுழைந்து, "ஆறு அடுப்பு, ஆறு பொம்பள, ஆறு இடுப்பு வலி. இன்னாத்துக்கு?" என்று கேட்டுக் கேட்டே எல்லாரையும் சேர்த்தாள். இப்போது ஆம்பிளைகளும் முறை வைத்துச் சமைக்கிறார்கள். காய்கறித் தோல் மாடி ட்ரம்மில் எருவாகிறது, அதில் வெண்டையும் சிறுகீரையும் வளர்கின்றன. அதோடு விட்டாளா? "அடுத்து இந்த மதிலயெல்லாம் இடிக்கணும். ஒரு சந்துக்கு எதுக்கு இத்தினி இரும்பு கேட்டு?" மாவு வழிக்கும்போதே மனசு அடுத்த உலகத்துக்குப் போய்விடும்.

அங்கே தலைவி கிடையாது. யார் முறையோ அவர் கையில்தான் கரண்டி, மற்றவர் தொடக்கூடாது. சட்டம் போட்டவளும் சந்திரகலாதான், மீறுகிற ஒரே ஆளும் அவள்தான். போன வாரம் எதிர்வீட்டு ஜஹபர் நிஷா தன் முறைக்கு வைத்த மீன்குழம்பில், அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துப் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டாள்.

நிஷா கத்தவில்லை. "எங்க வூட்டு அடுப்ப நான் இன்னும் வித்துடல, கலாக்கா. இன்னொரு தரம் கைய வச்சீங்கன்னா கெளம்பிடுவேன்."

நிஷா போனால் இன்னும் இரண்டு வீடு பின்னாலேயே போகும். அப்புறம் சமையலறை ஏது? அன்று முழுக்கச் சந்திரகலாவுக்கு ஊசியில் நூல் ஏறவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்கார இராமதாஸின் முறை. சாம்பாரை அடுப்பில் விட்டுவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பருப்பு அடிபிடிக்கும் வாடை வாசல்வரை வந்துவிட்டது. சந்திரகலா பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குகிறாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?"

"ஒண்ணுமில்லடா."

"கிண்டணுமா?"

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நிஷாவின் கை நிற்கிறது.

"உன் மொறை. நீயே பாத்துக்க."

இராமதாஸ் மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு மறுபடி ஃபோனுக்குள் போகிறான். கருகல் நெடி ஏறுகிறது. சந்திரகலா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நிஷாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி அழுத்திக்கொள்கிறாள்.