வாயால் போட்டுக் காட்டிய இன்ஜின்

ஒரகடத்தில் லாரிகளுக்கென்று ஒரு கால் சென்டர் இருக்கிறது. வழியில் வண்டி நின்றுபோன டிரைவர்கள் அங்கேதான் போன் செய்வார்கள். இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருடம் நின்று இடது காதைத் தொலைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, அங்குள்ளவர்களுக்குக் காதுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு நாற்காலிகள், நாற்பத்திரண்டு ஹெட்செட்டுகள். எண்ணிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன்.

முந்தைய ஷிப்ட்காரர் சத்தத்தை எவ்வளவு வைத்துவிட்டுப் போனாரோ, மாட்டும் முன் அதைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், ஐந்தாம் படிக்கு மேல் ஏற்றாதீர்கள், மணிக்கு ஒருமுறை காது மாற்றி மாட்டுங்கள் என்றேன். மொத்தம் பதினான்கு ஸ்லைடுகள். பதினொன்றாவதில் ஒரு திருநெல்வேலிப் பெண் கை தூக்கினாள். அவளுக்கு வலது காதில் ஓயாத இரைச்சல். போன மாதக் காதுச் சோதனையில் பன்னிரண்டு ஒலிகளில் ஏழுதான் அந்தக் காதுக்குக் கேட்டிருந்தது. சத்தம் குறைந்தால் தேறலாம் என்றிருந்தார்கள். அடுத்த சோதனையிலும் அப்படியே என்றால் போன் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு வேலை அங்கே இல்லை.

"நீங்க சொல்லுததெல்லாம் சரிதான் சார். 'இந்தச் சத்தத்தக் கேளும்மா'ன்னு டிரைவர் அண்ணன்மாரு போனக் கொண்டுபோயி இன்ஜின்ல வைக்காவளே, அதுக்கு எந்த ஸ்லைடு?"

அதற்கு ஸ்லைடு இல்லை. மறுநாள் ஒரு ஷிப்ட் முழுக்கப் பின்னால் நின்று எண்ணினேன். அறுபத்து மூன்று இன்ஜின்கள் அந்தக் காதுகளுக்குள் ஓடின.

மூன்றாம் நாள் அவளே வழி கண்டுபிடித்தாள். ஒரு டிரைவர் "கேளும்மா" என்று தொடங்கியதுமே, போனை இன்ஜினில் வைக்க வேண்டாம், அந்தச் சத்தத்தை நீங்களே வாயால் போட்டுக் காட்டுங்கள் என்றாள். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு கொர், கொர், டக் என்று ஆரம்பித்துவிட்டார்.

"டக்கு மொதல்ல வருதா, பொறவு வருதா அண்ணே?"

பெல்ட் போய்விட்டது என்று குறித்து அனுப்பினாள். போன மெக்கானிக்கும் பெல்ட்தான் என்றார்.

மண்ணூர்க்கார சூப்பர்வைசருக்கு இது பிடிக்கவில்லை. "இன்னா சார், மிமிக்ரி கச்சேரியா நடத்திக்கினு கீறோம் இங்க?" என்றார். கஸ்டமர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தார். மற்ற நாற்காலிக்காரர்களும் அவளைப் போலவே கேட்க ஆரம்பித்தார்கள். எந்த டிரைவரும் கோபிக்கவில்லை. சிலர் ஹார்னையும் சேர்த்துப் போட்டார்கள். இரண்டாம் வாரம் நான் திரும்ப ஒரு ஷிப்ட் எண்ணியபோது, காதுக்குள் வந்த இன்ஜின்கள் நான்கு. அந்தத் தாளைச் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தேன். பதினைந்தாவது ஸ்லைடு அவள் சொன்ன வார்த்தைகளோடேயே ஏறியது.

அடுத்த மாதச் சோதனைக்குக் கண்ணாடி அறை வைத்த வேன் வந்தது. ஒலி கேட்டால் உள்ளே பொத்தானை அழுத்த வேண்டும், வெளியே விளக்கு எரியும். அவள் உள்ளே போனதும் நான் வாசலில் நின்று விளக்கை எண்ணினேன். வலது காதுக்குப் பதினொரு முறை விளக்கு எரிந்தது. பன்னிரண்டாவதுக்கு எரியவில்லை. சரியாக அந்த நேரம் கம்பெனி பஸ் ஒன்று பக்கத்தில் ஹார்ன் அடித்திருந்தது. பதினொன்றே போதும், தேறிவிட்டாள் என்றார் சோதனைக்காரர். எனக்குப் போதவில்லை. பஸ் போகட்டும், இன்னொரு தடவை போடுங்கள் என்று வாசலை விட்டு நகராமல் நின்றேன். அலுத்துக்கொண்டே போட்டார்.

விளக்கு எரிந்தது.

அவள் இறங்கி வந்து, "எண்ணியாச்சா சார்?" என்றாள்.

"பன்னிரண்டு" என்றேன். எனக்கே காது அடைக்கும் அளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன்.