அலுமாரியில் இருந்த நீலப் போத்தல்

அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இருக்கவில்லை. புளியங்கூடலில் என் வயதுப் பிள்ளைகளில் தபால் முத்திரை அல்பமும் பூதக்கண்ணாடியும் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். எந்த நாட்டுக்கு எந்த ராசா, எந்த நாடு எப்போது உண்டானது என்றெல்லாம் அல்பத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிவேன். இவளின் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஏலாதோ என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு நீலப் போத்தல் இருந்தது. கைக்குள் அடங்கும் அளவுதான். ஆனால் தூக்கினால் படிக்கல்லைப்போலக் கனக்கும். சுற்றிவரப் பட்டை பட்டையாக வெட்டியிருக்கும். வெயில் பட்டால் சுவரெல்லாம் நீலப் பொட்டுகள் ஓடும். மூடியைத் தூக்கினால் அதனோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சியொன்று போத்தலின் அடிவரை நீண்டிருக்கும். அது எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. மருந்து கலக்க என்பார் அப்பா. கண்ணுக்கு மை தீட்ட என்பார் அம்மா.

அது அப்பப்பாவின் சாமான் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே சொல்லில் நின்றார்கள். அப்பப்பா மலாயாவில் வேலை பார்த்து, அங்கேயே காய்ச்சலில் காலமானவர். அவருடைய பெட்டி மட்டும் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தது. பல வருடங்கள் கழித்து அந்தப் பெட்டியின் அடியில், பழந்துணிக்குள் சுருட்டிக் கிடந்த போத்தலைக் கண்டெடுத்தவர் மாமி. மாமி அப்பாவின் அக்கா. கலியாணம் செய்யாமல் எங்களோடேயே இருந்தவர். அவரைத் தவிர வேறொருவரும் அதைத் தொடக்கூடாது. வருடாவருடம் அப்பப்பாவின் திவசத்தன்று மாமி அதைத் துடைத்துப் பன்னீர் நிரப்பி, அவருடைய படத்துக்கு முன்னால் வைப்பார். நாங்கள் எல்லாரும் விழுந்து கும்பிடுவோம்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், திவசத்துக்குக் கொழும்பிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பப்பா கண்ணை மூடியபோது சித்தப்பா வயிற்றுப் பிள்ளை. படையல் முடிந்ததும் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். மருந்துமில்லை, மையுமில்லை, அது சென்ட் போத்தலாம். கொழும்புப் பெரிய கடைகளில் கண்டிருக்கிறாராம். துரைசானிமார் அந்தக் குச்சியால் ஒரு துளி தொட்டுக் காதுக்குப் பின்னால் பூசிக்கொள்வார்களாம். இத்தனை வருடமும் சென்ட் போத்தலையா கும்பிட்டோம் என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா தொடையில் கிள்ளினார்.

பிறகு சித்தப்பாவின் குரல் இறங்கியது.

"அக்கா, எனக்கு ஐயான்ரை முகமே தெரியாது. ஐயான்ரை எண்டு சொல்ல என்னட்டை ஒரு சாமானுமில்லை. இதை நான் கொண்டு போகட்டோ?"

தகப்பன் முகம் காணாத தம்பி கேட்கிறான், எந்த வாயால் மாட்டேன் என்பது? மாமி போத்தலை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். நாளைக் காலை பஸ்ஸில் அது போய்விடும் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு மாமியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சித்தப்பா என் பக்கம் திரும்பி, எந்தக் காலத்துச் சாமான் என்று உன் பூதக்கண்ணாடியால் கண்டுபிடி பார்ப்போம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போத்தலும் பூதக்கண்ணாடியுமாக முற்றத்து வெயிலில் போய்க் குந்தினேன். ஒல்லாந்தர் காலத்துச் சாமானாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்தேன். பன்னீரை ஊற்றிவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தால் அடியெல்லாம் ஒரே கீறல். நடுவில் மட்டும் மங்கலாக ஒரு சின்ன வட்டம். வாயால் ஊதினேன். ஆவி படர்ந்ததும் எழுத்துகள் தெரிந்தன, உடனே மறைந்தன. மறுபடி ஊதினேன். ஓர் ஊதலுக்கு இரண்டெழுத்தாகப் பொறுக்கி எடுத்தேன். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது.

அந்த நாட்டு முத்திரை என்னிடம் மூன்று இருந்தது. முதலாம் உலகச் சண்டை முடிந்த பிறகே அப்படியொரு நாடு உண்டானது என்று அல்பத்தில் அச்சடித்திருந்தது. அப்பப்பாவின் படத்தடிக்கு ஓடினேன். கீழே எழுதியிருந்த வருடத்தைப் பார்த்தேன். அவர் காலமாகி மூன்று வருடம் கழித்துத்தான் அந்த நாடே பிறந்திருக்கிறது.

ஐயோ, அப்போது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வீடே அதிரக் கத்தினேன்.

"இது அப்பப்பான்ரை இல்லை! அவர் செத்தாப்பிறகு செய்தது. சித்தப்பா கொண்டுபோக ஏலாது."

மாமியைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அல்பத்தை விரித்து எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். ஒருவரும் அல்பத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் மாமியைப் பார்த்தார்கள். மாமி நிலத்தைப் பார்த்தார்.

அப்படியென்றால் ஐயாவின் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று அப்பா கேட்கத் தொடங்கினார். சித்தப்பா அவரை முடிக்கவிடவில்லை. என்னிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கிப் போத்தலின் அடியை நெடுநேரம் பார்த்தார். வாயால் ஊதவேயில்லை, பிறகு எப்படித் தெரியும்?

"எழுத்தொண்டும் விளங்கேல்லை. பிள்ளை பிழையா வாசிச்சுப்போட்டுது," என்றார். "இது ஐயான்ரை சாமான்தான். அக்காவோடையே இருக்கட்டும். எங்கடை வீட்டிலை பொடியள் உடைச்சுப்போடுவாங்கள்."

அப்பாவும் ஓமென்று தலையாட்டினார். நான் விடவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறாள் என்று அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். அநியாயம் பொறுக்காமல் சோறும் வேண்டாம், கறியும் வேண்டாம் என்று அழுதேன். வடையை மட்டும் தின்றேன்.

பின்னேரம் மாமி என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த நாட்டின் பெயரை இன்னொருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். தானும் சொல்லிப் பார்த்தார், நாக்கு வளையவில்லை. அல்பத்திலிருந்த உலகப்படத்தில் இடத்தைக் காட்டினேன். இந்த வீட்டில் ஒருவராவது என்னை நம்புகிறாரே என்று எனக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது.

மாமி அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "இதிலை கடல் எங்கை பிள்ளை?"

"கடல் இல்லை மாமி. சுத்திவரத் தரைதான். கப்பல் போக ஏலாது."

"அது செய்யிற ஊரிலையே கப்பலாலை இறங்கி வாங்கினனான் எண்டு சொல்லியல்லோ என்ரை கையிலை தந்தவர்," என்றார் மாமி.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மாமி அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

எனக்கோ அலுத்துப்போயிற்று. இவ்வளவு விளக்கியும் மாமி இன்னும் அப்பப்பாவையே பிடித்துக்கொண்டு நிற்கிறாரே. செத்த மனுசன் எப்படி மாமி வாங்குவார் என்று கேட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி விளக்கத் தொடங்கினேன்.