பெருங்காயம் மணக்கும் தொடர்கதை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். ராயகிரியிலிருந்து ஒற்றை வேட்டியோடு வந்து, தென்காசிச் சந்தையில் மூட்டை சுமந்து, இருபத்தாறு வயதில் சொந்தமாகப் பலசரக்குக் கடை போட்டவன். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை. பொட்டலம் மடிப்பதில் அந்தக் காலத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கட்டிய சீரகப் பொட்டலம் மாடியிலிருந்து விழுந்தாலும் ஒரு சீரகம் வெளியே வராது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் வீட்டுக்காரி சொக்கம்மாளைப் பற்றி.

இலத்தூர்க்காரி. எட்டாம் வகுப்பு. 1961-ல் அவளுக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஒன்றரை வயது அகிலாண்டம். சாரல் விழுந்துவிட்டால் போதும், நான் விடியற்காலையில் சந்தைக்குப் போகிற நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் குற்றாலம் போய்விடுவாள். நான் திரும்பும்போது ஒன்றும் அறியாதவள் போல அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். ஈரத்தலைதான் காட்டிக்கொடுக்கும்.

"பிள்ளைக்கு உடம்பு சூடு, அதான்" என்பாள்.

பிள்ளைக்குச் சூடு என்றால் தாய் எதற்கு ஒரு மணி நேரம் அருவியில் நிற்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் காப்பி வராது.

அதைவிடப் பெரிய சந்தோஷம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை. வியாழக்கிழமை பத்திரிகை வரும். அன்றைக்கு எங்கள் வீட்டில் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ஆக்குகிற தேங்காய்ப்பால் குழம்பை, எந்தக் கல்யாணமும் இல்லாமல் வாராவாரம் ஆக்கியவள் எங்கள் தெருவில் இவள் ஒருத்திதான். ஒரு கையில் கரண்டி, மறு கையில் பத்திரிகை. கதாநாயகி சுகமாக இருக்கிற வாரம் சொதி அமிர்தம். அவளுக்கு ஆபத்து வந்துவிட்டால் பால் திரிந்துவிடும். ஒரு வாய் வைத்ததுமே கதை எந்த மட்டில் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். படிக்க வேண்டிய சிரமமே இல்லை.

கதைப் பக்கங்களை மட்டும் வாராவாரம் கத்தரித்து அடுக்கி வைப்பாள். கதை முடிந்ததும் அவற்றை ஊசி நூலால் தைத்து, அட்டை போட்டுப் புத்தகமாக்கிக்கொள்வது அப்போது பல வீடுகளில் பெண்களுக்குப் பழக்கம். ஒரு வருஷம் ஓடிய கதை அந்த ஆனி மாதம் முடிந்தது. அட்டைக்கு மேலே ஒட்டப் பூப்போட்ட துணிகூட எடுத்து வைத்திருந்தாளாம். இந்த விவரமெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அந்த வாரம் குற்றாலத்தில் சீசன் கூட்டம். வீடெடுத்துத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் சாமானுக்கு என் கடையைத் தேடித்தான் வருவார்கள். பொட்டலத்துக்குத் தாள் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். சொக்கம்மாள் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். உள்ளறை மூலையில், ஒரே அளவாகக் கத்தரித்து, ஓரம் தட்டி, நூல் போட்டுக் கட்டிய தாள்கள்! புருஷன் தொழிலில் இவ்வளவு அக்கறையுள்ள பெண்டாட்டி யாருக்கு வாய்ப்பாள் என்று நெஞ்சு நிறைந்துபோய்க் கட்டோடு தூக்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் பாராட்ட நேரம் கிடைத்தது.

"ஏட்டி, தாளை என்னமா வெட்டி வச்சிருந்த! கடுகு மடிக்கதுக்கு அளவெடுத்தாப்பல இருந்துச்சு."

"எந்தத் தாளு?"

சொன்னேன். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். 

"ஒரு வருசங்க" என்றாள்.

சந்தையில் எத்தனையோ சண்டியர்களைச் சமாளித்தவன் நான். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அகப்பையை எடுத்து நானே அடுப்பைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"யார் யாருக்கு என்ன மடிச்சுக் குடுத்திய? ஞாபகம் இருக்கா?" என்றாள்.

என்னிடமா கேட்கிறாள்! கடைக்கு வந்தவர் முகமும் வாங்கின சாமானும் தங்கியிருக்கிற வீடும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"அப்ப நாளைக்குக் கடையச் சாத்துங்க."

"சீசன் நேரத்துலயா?"

"சாத்துங்க."

மறுநாள் ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறையச் சொதியோடு குற்றாலத்தில் இறங்கினோம். அவள் முன்னால், நான் பின்னால்; ஒரு கையில் சட்டி, ஒரு கையில் பிள்ளை. வீடுவீடாகக் கதவைத் தட்டி, ஒரு கரண்டி சொதியை ஊற்றி, மடிப்புத் தாளைத் திருப்பிக் கேட்டாள்.

"அண்ணாச்சி, பொட்டலத்தைத் திருப்பி வாங்குத வியாபாரம் எப்ப ஆரம்பிச்சிய?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துவைத்தேன்.

சிக்கல் வந்தது, கடையநல்லூரிலிருந்து வந்து தங்கியிருந்த மெஹர் பானு என்ற அம்மாளிடம்தான். அந்தம்மாள் தாள்களை நீவி, மணைப்பலகைக்கு அடியில் வைத்திருந்தாள்.

"தர மாட்டேன் தாயி. பெருங்காயத் தாள்ல அந்தப் பொண்ணு கெணத்துல குதிச்சிட்டா. மிளகாத் தாள்ல அவளுக்குக் கல்யாணம் நடக்குது. அது எப்படி? ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல."

"நடுவுல உள்ளது மல்லித் தாளு. எதுத்த வீட்டுல இருந்துச்சு."

"அப்ப உக்காந்து சொல்லு. சொல்லிட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ."

சொக்கம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். ஒரு வருஷக் கதையைப் பொழுது சாய்கிற வரைக்கும் சொன்னாள். நடுநடுவே பிள்ளையைத் தூங்கவைத்ததும் சொதி பரிமாறியதும் நான். சொந்தமாகக் கடை போட்டவன்.

எல்லாத் தாளும் கிடைத்துவிட்டன, கடைசி அத்தியாயம் தவிர. அதில் வெல்லம் மடித்திருந்தேன். வாங்கியவர் சாரலில் நனையவிட்டு, பிசுபிசுத்த தாளைத் தூக்கி எறிந்துவிட்டார்.

"முடிவில்லாத பொஸ்தகத்த வச்சு என்ன செய்வ தாயி?" என்றாள் மெஹர் பானு.

"முடிவு எனக்குத் தெரியுமே. எழுதிச் சேத்திருதேன்."

மூன்று நாள் எழுதினாள். பூப்போட்ட அட்டையோடு புத்தகம் தயாரானது. திறந்தால் பெருங்காய வாசனை. தெரு முழுக்கச் சுற்றி, கடையநல்லூர் வரைக்கும் போய் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

முந்தின ஐம்பது வாரத்தில் எங்கேயும் வராத ஒரு மளிகைக்கடைக்காரன் அந்தக் கடைசி அத்தியாயத்தில் வருகிறான். தன் பிரதாபத்தைத் தானே பேசித் திரிகிறான். ஐந்தருவியில் வழுக்கிக் குப்புற விழுகிறான். கதாநாயகி ஒன்றரைப் பக்கத்துக்குச் சிரிக்கிறாள். சுபம்.

"பத்திரிகையில இப்படித்தான் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"அச்சுல வந்தத நான் மாத்துவேனா?" என்றாள்.

முழுக் கதையிலும் அந்தக் கடைக்காரன்தான் உயிரோடு இருக்கிறான், நேரில் பார்த்தது போலிருக்கிறது என்று தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எழுதியவளுடைய வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கும் அதில் பெருமைதான்.