அவள் எடுத்து வைத்த பேக்கப்

படப்பை ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரி, லீவு நாளில் சோறு தின்கிறாளோ இல்லையோ, வார்டன் அக்காவின் கம்ப்யூட்டரில் போனைச் சொருகி பேக்கப் எடுக்காமல் இருக்க மாட்டாள். இருவருக்கும் செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் ஒரே லைனில் வேலை. போன் தயாரிக்கிறவளுக்கே போன்மேல் நம்பிக்கை இல்லையா என்று சீண்டுவேன். நீ கும்பகர்ணன் தங்கச்சி, பேசாதே என்பாள்.

ஒரகடம் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி அவள் இறந்தாள். கையிலிருந்த போனும் நொறுங்கிவிட்டது.

காரியம் முடிந்து, பெட்டியை எடுத்துப்போக அவள் அம்மா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. மகளின் குரல் எதிலாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது, குரல் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம்.

“அந்தப் பொண்ணு ஏத்தி வச்சதெல்லாம் இதுலதான் கீது,” என்றார் வார்டன் அக்கா.

அதை அதே மாடல் போனில் இறக்கினால்தான் பார்க்க முடியும். என்னுடையது அதே மாடல். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரையில் கேட்டது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. போனவள் போய்விட்டாள், இனி எது அழிந்தால் என்ன? சம்மதம் என்று அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அவளுடைய போனாக எழுந்தது, முகப்பில் அவள் ஊர்க் கடலோடு. அதைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டோம். எல்லாவற்றையும் எடுத்தவள் அவள், பேசியவர்கள் நாங்கள். ஒன்றில்கூட அவள் வாய் திறக்கவில்லை. அம்மா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று எனக்கு நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் வரும் நேரம் நெருங்கியபோது அவர் மடியில் போன் அதிர்ந்தது.

“ஏட்டி, எந்திரிட்டி. பஸ்ஸு போயிரும்.”

குளிக்கப் போகுமுன் தன் போனை என் தலைமாட்டில் வைத்துப் போவாளே, எனக்காகவே பேசிப் பதிந்த அலாரம். அதை நான் மறந்தே போயிருந்தேன். நிறுத்தும்வரை அது திரும்பத் திரும்பச் சொல்லும். அம்மா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒன்னத்தாம்மா கூப்பிடுதா,” என்றார். “எந்திச்சுப் போ.”

போனை அவர் மடியிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். அழுகையில் செருப்புகூடச் சரியாக மாட்ட வரவில்லை. படியிறங்கி வாசலைத் தாண்டிய பிறகும் அவள் பின்னாலிருந்து என்னை எழுப்பிக்கொண்டே இருந்தாள்.